பக்கத்து வீட்டு வெள்ளை

22 டிசம்பர் 1983, வியாழன்

கிறிஸ்துமஸுக்காக முந்தாநாள்தான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். இன்று பக்கத்து வீட்டு ரோஸி, அவள் புருஷன் வேலை செய்யும் ஸ்ரீபெரும்புதூர் பெயிண்ட் கம்பெனியின் வெள்ளையை அடித்துவிட்டாள். டைட்டானியம் பவுடர் கலந்ததாம். அதன் பக்கத்தில் எங்கள் சுவர் பழுப்பாகத் தெரிகிறது.

சாயங்காலம் ரோஸியே வந்தாள். "அக்கா, அர டின்னு மீதி கீது. உங்க முன்பக்கத்துக்கு ஆவும், எடுத்துக்கோங்க."

"எங்க வூட்டுக்குச் சுண்ணாம்பே போதும்மா" என்றேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு அது இனித்தது.

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். "நான்தான்டி அவ புருஷனாண்ட கேட்டேன். நீ காத்தாலேர்ந்து அந்தச் சுவத்தையே பாத்துகினு இருந்தியே."

நாளை எந்த முகத்தோடு போய் அந்த டின்னைக் கேட்பேன்? கேட்கத்தான் போகிறேன்.