பச்சைப் பிடி ஊசி

செவ்வாய். தூக்கம் வரவில்லை.

போர்டிக்சன் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வரும் முனியம்மா ஆண்ட்டி, என்னைத் தவிர யாரிடமும் பல்லைக் காட்டமாட்டார். இன்று அவருடைய கடைவாய்ப் பல்லின் வேர்க்குழாய் நுனியில் எவ்வளவு அகலம் என்று, பிடியின் நிறத்துக்கு ஒரு தடிமனாக இருக்கும் ஊசிகளை விட்டு அளந்தேன். சிவப்புப் பிடி ஊசி இறுகி நின்றது. அதுதான் அளவு என்று அடைக்கப் போனேன்.

கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் டாக்டர் ஷாலினி குனிந்து பார்த்தாள். "அக்கா, ஊசி நுனிக்குப் போகாம மேலயே இடிச்சி நிக்குதோ என்னவோ. மேல கொஞ்சம் அகலமாக்கிட்டு அளந்து பாக்கலாமா?"

அகலமாக்கினேன். வேரின் நுனியில் சிவப்பு ஊசி தொளதொளவென்று ஆடியது. அதைவிடப் பெரிய பச்சைதான் கச்சிதமாக நின்றது. அவள் சொல்லாவிட்டால் சிவப்பின் அளவுக்கே சுத்தம் செய்து, உள்ளே அழுக்கை வைத்தே அடைத்திருப்பேன்.

நன்றி சொல்லியிருக்கலாம். "எனக்கும் தெரியும்" என்றேன். அவள் அடக்கமாகத் தலையாட்டினாள். அந்த அடக்கம்தான் இன்னும் எரிகிறது.

வாயைத் திறந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஆண்ட்டி, கிளம்பும்போது சொன்னார்: "அடுத்த வாட்டி அந்தச் சின்ன டாக்டரே பாக்கட்டும் லா. கெட்டிக்காரப் பொண்ணு."

"அதுக்கென்ன ஆண்ட்டி, திங்கக்கிழமை வாங்க" என்றேன் சிரித்துக்கொண்டே.

திங்கட்கிழமை ஷாலினிக்கு லீவு.