பித்தளைக்காரர்கள்

நவம்பர் 9, 2024

மானஸா சேர விரும்பும் ராரிடன் சென்டினல்ஸ் என்பது ஒரு டிரம் அண்ட் பியூகிள் கோர். அதாவது இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்ட தொண்ணூறு பிள்ளைகள் கோடை முழுக்க பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், ஜிம் தரைகளில் தூங்கி, கால்பந்து மைதானங்களில் நடந்துகொண்டே மேளமும் எக்காளமும் முழங்கும் படை. பியூகிளை யாரும் பார்த்து வெகுகாலம் ஆகிறது என்று கேள்வி. பெயரில் மட்டும் இருக்கிறது.

விண்ணப்பத்தில் கருவிகளின் பட்டியல் இருந்தது: டிரம்பெட், மெல்லோபோன், பாரிட்டோன், டிராம்போன், டியூபா, மேளங்கள், சிந்தசைசர். எட்டு வருடமாக என் பெண் வாசிக்கும் கிளாரினெட் இல்லை. ஃபோன் போட்டுக் கேட்டேன். பித்தளைதான் மரபு, மரக்குழலுக்கு இடமில்லை என்றார்கள்.

மைதான ஓரத்தில் லேப்டாப் வைத்து இடிச் சத்தம் வரவழைக்கிறார்களே, அது? அதுவும் மரபாம். ஐந்தாறு வருடமாக.

நவம்பர் 10

மானஸா சாப்பிடவில்லை. "இட்ஸ் ஓகே அம்மா" என்றாள். ஓகே இல்லை. அடுத்த வருடம் கல்லூரி. இந்தக் கோடையை விட்டால் இன்னொன்று கிடையாது.

நவம்பர் 24

விதியை மாற்றச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டுமானால் தன்னார்வலராக இருக்க வேண்டும். ஆகவே சமையல் டிரக்கில் சேர்ந்துவிட்டேன். கோடைக்கு முந்தைய ஒத்திகை முகாம்களிலும் தொண்ணூறு பேருக்கு மூன்று வேளை. இன்று எலுமிச்சை சாதம்.

வால்ட் என்ற எழுபத்து நான்கு வயதுப் பழைய மாணவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டபடியே சரித்திரம் சொன்னார். அவர் காலத்தில் பியூகிளில் ஸ்வரம் மாற்ற அழுத்துகிற வால்வு ஒன்றே ஒன்று. இரண்டாவது வந்தபோது அவருடைய அண்ணன் படையை விட்டே போய்விட்டாராம். மூன்றாவது வந்தபோது வால்ட் இரண்டு வருடம் பார்க்க வரவில்லை. மைக் வந்தபோது கடிதம் எழுதினார். டிராம்போன் வந்தபோது அழுதார்.

"இப்போது டிராம்போன்?" என்று கேட்டேன்.

"பிரமாதமாக இருக்கிறது," என்றார்.

மரபு என்பது ஒருவர் உள்ளே வந்த நாளில் தொடங்குவது. அடுத்தவர் வரும் நாளில் அது கெட்டுப்போகிறது.

டிசம்பர் 7

என் மனுவை எதிர்க்கும் அணிக்குத் தலைவர் வால்ட் இல்லை. நம்ம ஊர்த் தமிழர் கஸ்தூரிரங்கன்! பிள்ளை ஷ்ரேயஸ் இங்கே இரண்டு வருடமாக டிரம்பெட். முதல் வருடம் இதே மனிதர் என்னிடம், "என்ன இது, கல்யாண பேண்டு மாதிரி?" என்று கேட்டவர். இன்று படையின் ஜாக்கெட், படையின் தொப்பி, காரில் படையின் ஸ்டிக்கர்.

"நாகலக்ஷ்மி, சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்கோல்லியோ? இன்னிக்கு கிளாரினெட்னு வருவா. நாளைக்கு ஒருத்தர் வீணையத் தூக்கிண்டு வருவார்."

"வீணையைத் தூக்கிண்டு நடக்க முடியாது சார்."

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். க்ரீன் கார்டுக்கு நான் பதினோரு வருஷம் க்யூல நின்னேன். எனக்காக யாராவது ரூல மாத்தினாளா?"

கிளாரினெட்டுக்கும் க்ரீன் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவார். விட்டுவிட்டேன்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார்: டிரக்கில் ஹாட் டாக்தான் மரபாம்.

டிசம்பர் 15

நான் மருந்துக் கம்பெனியில் அனுமதி விண்ணப்பங்கள் எழுதிப் பிழைப்பவள். ஒரு மாத்திரையை விழுங்கலாம் என்பதற்கு நானூறு பக்கம் எழுதியிருக்கிறேன். கிளாரினெட்டுக்கு ஆறே பக்கம். பக்க விளைவுகள் என்று ஒரு தனிப் பகுதி: எதுவும் பதிவாகவில்லை. மார்ச்சில் வாக்கெடுப்பு. பிள்ளைகள், பழைய மாணவர்கள், தன்னார்வலர்கள், எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கை.

ஜனவரி 12, 2025

மார்ச் வரை காத்திருந்தால் இடங்கள் நிரம்பிவிடும். பாரிட்டோனில் ஆள் குறைவாம். கருவியை அவர்களே தருகிறார்களாம். "ஒப்புக்கு இதக் கத்துக்கோ, உள்ள போயிடு. மார்ச்ல கிளாரினெட்டுக்கு மாறிக்கலாம்" என்று யோசனை சொன்னது நான்தான். நானேதான்.

கைக்குழந்தை கனத்தில் ஒரு பித்தளைச் சுருள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

ஜனவரி 19

எருமை ஈனுகிற சத்தம். காலை ஏழு மணிக்கு. பக்கத்து வீட்டு மார்த்தா நலம் விசாரித்தாள்.

பிப்ரவரி 2

உதடு வெடித்து ரத்தம். "போதும்டி" என்றேன். கையைத் தட்டிவிட்டு மறுபடி ஊதினாள். கிளாரினெட் பெட்டி கட்டிலுக்கு அடியில்.

பிப்ரவரி 16

எடுத்துக்கொண்டார்கள்! கடைசி இடம். என் தோளைப் பிடித்துக் குதித்தாள். ஐசலின் இந்தியக் கடைத்தெருவுக்குப் போய் ஜிலேபி வாங்கி வந்தோம். உதட்டுப் புண்ணோடு நான்கு தின்றாள்.

மார்ச் 16

பள்ளி ஜிம்மில் வாக்கெடுப்பு. மனுவின் சுருக்கத்தைப் படித்தேன். சிரிக்க வேண்டிய இடங்களில் சிரித்தார்கள். கஸ்தூரிரங்கன் பேசினார், கண் கலங்கினார். இரண்டு வருடத்து நினைவுகளுக்கு இவ்வளவு கண்ணீர் என்றால், அறுபது வருடத்து வால்ட் அருவியாகக் கொட்ட வேண்டும். வால்ட் எழுந்து, "எனக்கு வயதாகிவிட்டது, எது வேண்டுமானாலும் வரட்டும்" என்று சொல்லி எங்கள் பக்கம் கை தூக்கினார். ஜெயித்தோம் என்று நினைத்தேன்.

ஆதரவு: ஐம்பத்து நான்கு.

அடுத்து எதிர்ப்புக் கைகள். எண்ணிக்கொண்டே வந்தேன். பாரிட்டோன் வரிசை மொத்தமும் கை தூக்கியிருந்தது. கடைசிக் கை என் பெண்ணுடையது.

அறுபத்தொன்று.

அவள் கை இல்லாமலேயே தோற்றிருப்போம். இது ஆறுதலா? இல்லை — அதுதான் இன்னும் குத்துகிறது. தேவைப்படாத கை. வேண்டுமென்றே தூக்கிய கை.

ரூட் 18-ல் சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியதும் கேட்டேன்.

"உன் கிளாரினெட்டுக்காகத்தானேடி நான் நாலு மாசமா அண்டா கழுவறேன்?"

"ஐ நோ அம்மா. தேங்க் யூ. பட் என் லிப் கிழிஞ்சுது. ரெண்டு மாசம். இப்ப யாரோ ஒரு கிளாரினெட் கிட் சும்மா நடந்து உள்ள வருவாளா? தட்ஸ் நாட் ஃபேர்."

"யாரோ இல்ல. நீ."

"நாட் எனிமோர். ஐ'ம் எ பாரிட்டோன்."

பதினோரு வருஷ க்யூவை இவள் இரண்டே மாதத்தில் நின்று முடித்துவிட்டாள்.

மார்ச் 17

கஸ்தூரிரங்கன் ஃபோன். "உங்க பொண்ண நன்னா வளர்த்திருக்கேள், நாகலக்ஷ்மி."

எடுத்திருக்கக் கூடாது.

ஜூன் 21

அண்டா, கரண்டி, தொண்ணூறு தட்டு. வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 5

இன்று முதல் முழுக் காட்சி. வெயிலில் ஒன்பது நிமிடம். பாரிட்டோன் வரிசை பார்வையாளர் பக்கம் ஒரே வீச்சில் திரும்பி ஊதியபோது சத்தம் என் விலா எலும்பில் வந்து முட்டியது. அந்தச் சத்தத்தில் எது அவளுடையது என்று தெரியவில்லை. அழுதேன். இதைப் பற்றி மேற்கொண்டு கேலி எழுத முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

காட்சி முடிந்து டிரக்கில் பரிமாறிக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு அப்பா, பெயர் துவாரகன், பதினைந்து வயது மகளோடு வந்தார். அவளுக்கு இதில் சேர்ந்தே ஆக வேண்டுமாம்.

"அக்கா, இவ ஃப்ளூட் வாசிக்கிறவ. ஃப்ளூட் எடுப்பாங்களா?"

என்னிடம் ஆறு பக்கப் பதில் இருந்தது.

"இங்க பித்தளைதாம்மா," என்றேன் அவளிடம். "பாரிட்டோன் ட்ரை பண்ணு. ரெண்டு மாசம் உதடு வலிக்கும். என் பொண்ணு பண்ணலயா?"

குரலில் பெருமை இருந்தது. எனக்கே கேட்டது.

அந்தப் பெண் ஃப்ளூட் பெட்டியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.