ஃபிராவ் கெர்பர் கட்டிய கொடி

திங்கள், நவ. 6. காலையில் இருந்து மூடுபனி.

இது யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள். பள்ளியில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது என்பதால்தான் தமிழில் எழுதுகிறேன். அம்மா, உங்களுக்குத் தெரியும். கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வையுங்கோ.

ஹாலில், சோபாவில். போர்வைக்குள் போன் வெளிச்சம். என் அறையில் ஒரு ரஷ்யன் தூங்குகிறான். இது மூன்றாவது கிழமை.

பெயர் ஆர்த்யோம். வயது இருபத்திமூன்று. அம்மா துப்புரவு வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் லரிசா அன்ரி என்று ஒருவர் கூட வேலை. ரஷ்யாக்காரி. அவருடைய அக்கா மகன். போருக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்ததும் ஓடிவந்தவன். விசா முடிந்துவிட்டது. லரிசா அன்ரியின் சுவிஸ் புருசன் வைத்திருக்க மாட்டேன் என்றுவிட்டார். அம்மா வந்து அப்பாவிடம் சொன்னார். அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிக்கொண்டு, "கூட்டிக்கொண்டு வாரும்" என்றார்.

அதுவரை சரி. பிழை நடந்தது படிக்கட்டில். கீழ்வீட்டு ஃபிராவ் கெர்பர் அப்பாவை மறித்து, அந்தப் பையன் யார் என்று கேட்டார். அப்பாவின் இரண்டு கையிலும் அரிசிப் பை. "உக்ரைன்" என்று சொல்லிவிட்டார்.

அம்மா: "உங்களுக்கு வேற நாடே கிடைக்கேல்லை?"

அப்பா: "மனுசி சிரிச்சுக்கொண்டு கேட்டுது. கை முறியுது. படிக்கட்டில நிண்டு உலகப்படம் விரிச்சே பாக்கிறது?"

மறுநாள் ஃபிராவ் கெர்பர் வந்தார். எங்கள் கறி வாசம் தாங்கவில்லை என்று கடிதம் எழுதிய அதே ஃபிராவ் கெர்பர். கொண்டுவந்தது: கம்பளி 2, பூட்ஸ் ஒரு சோடி, ஆப்பிள் கேக், நீலமும் மஞ்சளுமாக ஒரு கொடி. கொடியைத் தானே பால்கனிக் கம்பியில் கட்டினார். கண் கலங்கியிருந்தது. கதவைச் சாத்திவிட்டு அப்பா: "நான் வந்த நேரம் ஒருத்தரும் ஒரு கைலேஞ்சிகூடத் தரேல்லை."

பயங்கள்:
– பொலிஸ்.
– அப்பாவின் சிவப்பு சுவிஸ் பாஸ்போட் விண்ணப்பம். அயலவரிடம் விசாரிப்பார்களாம்.
– ஸ்லாதா. இதுதான் பெரியது.

செவ்வாய், நவ. 7. பனி. கைகள் குளிர்.

ஸ்லாதா என் பக்கத்து இருக்கை. போர் தொடங்கியபின் அம்மாவோடும் தம்பியோடும் எங்கள் ஊர் லாங்கன்தாலுக்கு வந்தவள். அவள் வருவதற்கு முன் இடைவேளையில் நான் ஹீற்றருக்குப் பக்கத்தில் தனியே நிற்பேன். நிற்பது தெரியாமல் இருக்க ஷூ லேஸ் கட்டுவேன். இப்போது இரண்டு பேராக நிற்கிறோம். அவ்வளவுதான் மாற்றம். ஆனால் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று யாருக்குச் சொல்ல.

எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் மணி அடிக்கமாட்டாள். விரலால் மூன்று தட்டு. மணிச் சத்தம் கேட்டால் அவளுடைய தம்பி இன்னும் மேசைக்குக் கீழே போய்விடுவானாம். அந்தப் பழக்கம் அவளுக்கு எல்லா வீட்டிலும்.

இன்று கேட்டாள்: "உங்கள் வீட்டில் எங்கள் ஆள் ஒருத்தர் இருக்கிறாராமே. ஏன் எனக்குச் சொல்லவில்லை?"

தேவாலய மண்டபத்தில் உக்ரைன்காரருக்கு நடக்கும் கோப்பிக் கூட்டத்துக்கு ஃபிராவ் கெர்பர் போகிறாராம். அங்கே சொல்லியிருக்கிறார்.

"எந்த ஊர்?"

தெரியாது என்றேன். காய்ச்சல் என்றேன். ஆட்களோடு கதைக்கிறதில்லை என்றேன். மூன்று பொய், ஒரே மூச்சில். அவள், "பாவம், நாங்களும் முதலில் அப்படித்தான் இருந்தோம்" என்றாள்.

புதன், நவ. 8.

வரலாற்றுப் பாடத்தில் போர் பற்றிக் கதை. யோனாஸ்: "எங்க அப்பா சொல்றார், ரெண்டு பக்கமும் பிழையாம்." வேறொருத்தி: "எங்க வீட்டில இப்ப செய்தியே போடுறதில்லை, அலுத்துப்போச்சு." ஆசிரியர் ஜன்னலைத் திறந்தார். ஸ்லாதா பென்சில் சீவிக்கொண்டே இருந்தாள், பென்சில் முடியும்வரை.

சைக்கிள் கொட்டிலில் வைத்துத்தான் கதைத்தாள். அவளுடைய அப்பா போர்முனையில். சனிக்கிழமை அவள் அனுப்பிய செய்திக்கு இன்னும் ஒற்றைச் சரி அடையாளம்தான் விழுந்திருக்கிறது. போனை எனக்குக் காட்டினாள்.

"அவ்வளவு பெரிய நாடு. முடியாது என்று சொன்ன ஒருத்தனை எனக்குக் காட்டு. ஒரே ஒருத்தன்."

நான் பூட்டைத் திறக்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். அந்த ஒருத்தன் அப்போது எங்கள் குசினியில் புட்டுக்கு ஜாம் பூசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான்.

வியாழன், நவ. 9. மழை.

லரிசா அன்ரி வந்தார். அவர் ஜெர்மனில் சொல்லித்தான் ஆர்த்யோமின் கதை முழுதாகத் தெரிந்தது. பஸ் திருத்துகிற இடத்தில் வேலை. தேத்தண்ணி நேரத்தில், "அவர்கள் வீட்டுக்குள் நாங்கள் ஏன் போகவேண்டும்?" என்று கேட்டிருக்கிறான். அதுதான் முழுக்கதை. ஒரு கேள்வி. யாரோ போனில் பதிந்து மேலே கொடுத்துவிட்டார்கள். முதலில் விசாரணை, பிறகு படைக்கு வரச்சொல்லிக் கடிதம்.

அவனுடைய அம்மாவோடு போனில் கதைத்தான். ஸ்பீக்கரில். லரிசா அன்ரி எங்களுக்கு மெதுவாக மொழிபெயர்த்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை போருக்குப் போய்விட்டான், நீ சூடான வீட்டில் ஒளிந்திருக்கிறாய், நான் கடைக்குப் போய் என்ன முகத்தோடு நிற்கிறது. பிறகு லரிசா அன்ரி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். தன் அக்கா அல்லவா.

ஆ. (ஆர்த்யோம்) போனை வைத்துவிட்டு வெங்காயம் உரித்தான். அம்மா கேட்கவேயில்லை. எல்லா வெங்காயத்தையும் உரித்துவிட்டான்.

அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் "காணும்", போதும் என்பதற்கு. அம்மா நாலாவது இடியப்பம் வைக்கும்போது, "காணும்." அம்மா அப்போதும் வைப்பார்.

வெள்ளி.

கணக்குச் சோதனை, ஆறுக்கு 4.5. ஸ்லாதா 5.5. வாழ்த்துச் சொன்னேன். ம் என்றாள். இடைவேளையில் நூலகத்துக்குப் போய்விட்டாள். ஹீற்றர். ஷூ லேஸ்.

சனி, நவ. 11.

எங்கள் தமிழ் ஆட்கள் வீட்டுப் பிறந்தநாள் விழா, பக்கத்து ஊர் மண்டபத்தில். ஆ. வீட்டில், லைட் போடாமல். ரோல்ஸ் நல்லா இருந்தது. அப்பாவின் மேசையில் பெரிய வாக்குவாதம். கண்ணன் மாமா, அப்பாவின் பழைய சிநேகிதர்:

"எங்கட சனம் சாகேக்க இவையள் ஒரு மெழுகுதிரி கொளுத்தினவையோ? இப்ப பார், பேக்கரியிலயும் கொடி. எங்களை வருசக்கணக்கா முகாமில வைச்சு எத்தினை தரம் கேட்டவங்கள், நீ சொல்லுறது உண்மையோ எண்டு."

"அதுக்காக அந்தப் பிள்ளையள் சாகவேணுமோ அண்ணை?" யாரோ ஒரு அன்ரி.

"நான் அப்பிடிச் சொன்னனானே? எனக்கு வயிறெரியுது, அவ்வளவுதான். நீர் என்ன பேசாமல் இருக்கிறீர்? உம்மட பால்கனியிலயும் கொடியாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு, "பாயசம் முடியப்போகுது" என்று எழும்பினார்.

ரயில் நிலையத்தில் இருந்து நடந்து வரும்போது அப்பா முன்னால் வேகமாக. நான் அம்மாவிடம் கேட்டேன், அப்பா ஏன் ஆர்த்யோமை வைத்திருக்கிறார் என்று.

"அவரும் ஓடி வந்தவர்தானே."

"ஆமிக்குப் பயந்துதானே?"

அம்மா பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. "ரெண்டு பக்கத்துக்கும். எங்கட பக்கமும் சண்டைக்கு ஆள் கேட்டது. அப்பா மாட்டன் எண்டிட்டார். இதை மண்டபத்தில கதைச்சிடாதை."

பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஞாயிறு, நவ. 12. பனி. எதிர்வீடு தெரியவில்லை.

மத்தியானம் ஸ்லாதாவின் செய்தி. அவளுடைய அம்மா உருளைக்கிழங்கு வைத்துக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று அவித்திருக்கிறாராம், "எங்கள் பையனுக்கு". பின்னேரம் கொண்டு வருகிறார்களாம்.

வேண்டாம் என்று எழுதினேன். ஏன் என்றாள். இன்னும் காய்ச்சல். "அப்போ கதவில் கொடுத்துவிட்டுப் போகிறோம்." வேண்டாம், தயவுசெய்து.

அவள்: "நாங்கள் உன் வீட்டுக்கு வருவது உனக்கு வெட்கமா?"

பதில் எழுத எழுத அழித்தேன். பிறகு அவளுடைய படம் மறைந்துவிட்டது. என்னைத் தடுத்துவிட்டாளா, படத்தை எடுத்துவிட்டாளா தெரியாது.

அழுததை ஆ. பார்த்துவிட்டான். போனில் தட்டி ஜெர்மனில் காட்டினான்: யார்? நானும் தட்டினேன். சிநேகிதி. உக்ரைன். அவள் அப்பா எங்கே என்று தட்டினான். போர்முனையில் என்று தட்டினேன்.

எழும்பிப் பால்கனிக்குப் போனான். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது, பல்லால் அவிழ்த்தான். கொடியை நாலாக மடித்து மேசையில் வைத்தான்.

அப்பா: "தம்பி, அதைக் கட்டும். மனுசி கேக்கும்." கையாலும் காட்டினார்.

"காணும்" என்றான்.

திங்கள், நவ. 13. பனி விலகவேயில்லை.

ஸ்லாதா வேறு மேசைக்கு மாறிவிட்டாள். கண் சரியில்லை, முன்னால் இருக்கவேண்டும் என்று ஆசிரியரிடம் சொன்னாளாம். அவளுக்குக் கண் நல்லாத் தெரியும்.

படிக்கட்டில் ஃபிராவ் கெர்பர்: "கொடி விழுந்துவிட்டதா?" தோய்த்திருக்கிறோம் என்றேன். இதோடு எத்தனை பொய்.

இரவுச் சாப்பாட்டில் முடிவு. நாளைக் காலை அப்பா லீவு போட்டு ஆர்த்யோமை அகதி நிலையத்துக்குக் கூட்டிப்போகிறார். இங்கே இருக்கக்கூடாது என்று சொல்லலாம், திருப்பி அனுப்பலாம், எல்லாம் சொன்னார். நான் ஜெர்மனில் சொல்ல, ஆ. போனில் ரஷ்ய மொழியில் வாசித்தான். அப்பா: "முதல் நாள் சொல்லுறதைத்தான் கடைசிவரைக்கும் கேப்பாங்கள். உள்ளதைச் சொல்லச் சொல்லு." பிறகு, "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லாதையும், அந்த உக்ரைன் கதையை." அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும்.

ஆ. ஒன்று கேட்டான். போவதற்கு முன் உன் சிநேகிதிக்கு நீ எழுது. நான் இல்லாதபோது அல்ல. நான் இங்கே இருக்கும்போதே.

எழுதினேன். ஸ்லாதா, அவர் உங்கள் ஆள் இல்லை. மற்றப் பக்கத்து ஆள். முடியாது என்று சொன்னவர். நீ கேட்டாயே, ஒருத்தனைக் காட்டென்று. எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். நான் உனக்குப் பொய் சொன்னேன். உன்னைப் பார்த்து வெட்கப்படவில்லை. நாளைக் காலை அவர் போகிறார்.

அனுப்பிய உடனே இரண்டு சரி. அப்போ என்னைத் தடுக்கவில்லை. பிறகு இரண்டும் நீலம். பதில் இல்லை.

இப்போது பத்து மணி தாண்டிவிட்டது. அப்பா அம்மா படுத்துவிட்டார்கள். என் அறையில் லைட் எரிகிறது. ஆ. பையைக் கட்டிவிட்டான், ஃபிராவ் கெர்பரின் பூட்ஸ் கதவடியில் துடைத்து வைத்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு போவதா இல்லையா என்று அம்மாவிடம் கேட்டான். அம்மா, "எந்த நாடெண்டு குளிருக்கு என்ன தெரியும், போடும்" என்றார். கொடி மேசையில்தான். நானும் அதைத் தொடவில்லை.

ஸ்லாதா நாளை என்னைப் பார்த்தால் என்ன சொல்லுவாள். பார்க்காமல் போனால் நான் எங்கே நிற்பது. அவளுடைய அம்மா ஃபிராவ் கெர்பரிடம்

படிக்கட்டு லைட் போட்டது கதவிடுக்கால் தெரிகிறது. யாரோ ஏறி வருகிறார்கள். ஒரு ஆளா, இரண்டா. ஆ. அறையை விட்டு வந்துவிட்டான், வெறுங்காலோடு நடுவில் நிற்கிறான், என்னைப் பார்க்கிறான்.

மணி அடிக்கவில்லை. விரலால். ஒன்று, இரண்டு,