மூன்று முறை செத்த கலெக்டர்

இன்று பிரிட்ஜைத் திறந்தால் ரோஸ் சிரப் பாட்டில் சாய்ந்து, கீழ்த்தட்டு முழுக்கச் சிவப்பு. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் துடைக்கத் துணிகூட எடுக்காமல் நின்றுவிட்டேன், அங்கிள். அது உங்கள் ரத்தம் அல்லவா!

அமெரிக்காவில், இந்தப் பேர்லேண்டில் எங்கள் பக்கத்து வீட்டுக்கு, மகளோடு இருக்க வந்த பிரெஞ்சு நடிகர் நீங்கள். பாரிஸ் மேடையில் தட்டேந்தி வரும் வேலைக்காரன். சினிமாவில் முதல் பத்து நிமிடத்தில் சுடப்படுகிறவன். நாற்பது வருடம் இதே பிழைப்பு. "சீக்கிரம் செத்துத் தொலை, வெளிச்சம் போகிறது" என்பார்களாம் டைரக்டர்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வீர்கள். ஆனாலும் போவதற்குள் உங்களுக்கென்று ஒரு கைதட்டலாவது விழ வேண்டும், அது ஒன்றுதான் உங்கள் ஏக்கம்.

தமிழ்ச் சங்கப் பொங்கல் நாடகத்துக்கு ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் தேவைப்பட்டார். வழக்கமாகப் பவுடரை அப்பிக்கொண்டு வரும் சேகர் ஊருக்குப் போயிருந்தார். வேலியோரம் நின்று உங்களைக் கேட்டேன்.

"இங்கிலீஷ்காரனா? நானா?" என்று முகம் சுளித்தீர்கள். "கடைசியில் சாகிறானா?"

"சுட்டுக் கொல்றாங்க, அங்கிள்."

"இங்கிலீஷ்காரன் சாகிறான் என்றால் சந்தோஷமாக வருகிறேன்."

கெட்சப் வழியாது, திட்டாக நிற்கும் என்று, மேடை ரத்தத்துக்கு ரோஸ் சிரப்பைத் தேர்ந்தெடுத்ததும் நீங்கள்தான்.

விழாவன்று கதாநாயகன் ரவி சுட்டார். நீங்கள் விழவில்லை. தூணைப் பிடித்தீர்கள். முன்வரிசை ஆன்ட்டியிடம் சைகையால் தண்ணீர் கேட்டீர்கள். பாவம், அவரும் பாட்டிலை நீட்டிவிட்டார். பிரெஞ்சில் ஏதோ முனகி ஒருவழியாகச் செத்தீர்கள். ஹால் கப்சிப். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஒன்ஸ் மோர்!" அவ்வளவுதான், ஹாலே சேர்ந்து கத்தியது.

பிணம் ஒரு கண்ணைத் திறந்து, திரைமறைவில் வசனம் எடுத்துக்கொடுக்க நின்ற என்னைப் பார்த்தது. "திட்டுகிறார்களா?"

"ஐயோ, இல்ல அங்கிள்! இன்னொரு தடவை சாகச் சொல்றாங்க!"

உங்கள் கண் நிறைந்துவிட்டது. எழுந்து குனிந்து வணங்கி, மறுபடி செத்தீர்கள். மூன்றாவது முறை இன்னும் நிதானமாக. "சாம்பார் ஆறுதுங்க, யாராவது அவரை நிம்மதியா சாக விடுங்க!" என்று சங்கச் செயலாளர் கதறினார். ரவியின் கடைசி வசனம் அம்போ என்று போனது. ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை.

"நான் சாவதை மறுபடி பார்க்க வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதே இல்லை" என்று காரில் சொல்லிச் சொல்லி அழுதீர்கள். ஓட்டிக்கொண்டிருந்த எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அடுத்த பொங்கலுக்குள் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். ஒத்திகை இல்லை, தூண் இல்லை. பெட்டியருகே நின்று வாய்க்குள்ளேயே "ஒன்ஸ் மோர்" என்றேன். ஒரு கண்ணாவது திறக்காதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

போன வாரம் என் மகளின் ஸ்கூல் நாடகம். ஓரத்தில் மரமாக நின்ற சிறுமி புயலில் விழுந்தாள், யாரும் கவனிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினேன். மகள் மேடையிலிருந்தே "அம்மா, ப்ளீஸ்!" என்று பல்லைக் கடித்தாள்.

மரம் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. எழுந்தது. இந்த முறை மெதுவாக, ரொம்ப மெதுவாக விழுந்தது, அங்கிள், உங்களைப் போலவே.