ஊரே நொண்டும் நாளில்

இயேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை
12.01.2007

அன்புள்ள அத்தானுக்கு,

டோரின் எழுதுகிறேன். நானும் பிள்ளைகளும் சுகம். சுகம் என்றால், சிக்குன்குனியா விட்டுப்போன மூட்டுநோவோடு சுகம். இங்கே மீன்காரர் முதல் பங்குச் சுவாமி வரை எல்லோரும் நொண்டுகிறார்கள். பூசையில் முழங்காலில் நிற்க ஆளில்லை. நுவரெலியாவில் குளிர் கூடவா? ஊருக்கெல்லாம் சமைக்கிற நீங்கள் ஹோட்டலில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். நத்தார் பண்டிகைக்கு வந்து காய்ச்சலில் கிடந்தீர்களே, காலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது இடது உள்ளங்காலில் அந்தக் கறுப்பைக் கண்டேன். கேட்டதற்கு, "முள்ளுக் குத்தின அடையாளம், ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றீர்கள். நீங்கள் கண்ணயர்ந்ததும், சட்டைக்கு அளவு வெட்டும் மெல்லிய தாளை அதன்மேல் வைத்தேன். எண்ணெய் பட்டுத் தாள் கண்ணாடி மாதிரி ஆனது. சுற்றிவரப் பென்சிலால் கோடு போட்டு, டாக்குத்தரிடம் கொண்டுபோனேன்.

டிஸ்பென்சரியில் காய்ச்சல்காரர் வரிசை தெருவரை நின்றது. அவர் எனக்கும் காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை எழுதத் தொடங்கிவிட்டார். தாளைக் காட்டியதும் பேனையை வைத்தார். ஓரம் இப்படித்தான் கோணல்மாணலா, நிறம் ஓரிடத்தில் கூடி, ஓரிடத்தில் குறைந்து இருக்கிறதா என்று கேட்டார். ஓம் என்றேன். "தோல் புற்றுநோயாயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். இப்ப எண்டால் சின்னக் காயம். பிந்தினால் என்னட்டைக் கேக்காதேங்கோ" என்றார். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

உங்கள் பயம் எனக்குத் தெரியாதா? வலன்ரைன் அண்ணாவின் வயிற்றில் குடல்வால் வெட்டிய தழும்பைக் கண்டு, செக்பொயின்ரில் ஆமிக்காரர் மறித்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். காலில் தழும்போடு நொண்டினால் சண்டையில் வெடிபட்ட கால் என்பார்கள், அதுதானே? அத்தான், இப்போது நொண்டாமல் நடப்பவனைத்தான் மறிப்பார்கள். நேற்று என்னை மறித்த ஆமிக்காரனே கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் எழும்பினான். டாக்குத்தரும், மறித்தால் காட்டச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதித் தருகிறாராம்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். காலில் வைத்துப் பாருங்கள். கறுப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறுங்கள். தாண்டாவிட்டாலும் ஏறுங்கள்.

கொச்சிக்கடை அந்தோனியாரிடம் அழுதுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அவர் உங்களைக் காப்பார். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஊர் நிமிர்ந்து நடக்கத் தொடங்குமுன் வந்துவிடுங்கள்.

உங்களோடு சேர்ந்து நொண்டக் காத்திருக்கும்,
டோரின்