கருவடிக்குப்பத்தில் நாம் குடித்த பீர்

இன்று காலை பாண்டிச்சேரியில் ஒரு பேக்கரியைத் தாண்டும்போது ஈஸ்ட் வாசனை அடித்தது. மாவு பொங்கும் வாசனை. லேசான புளிப்பு, அதற்கு அடியில் ஒரு கசப்பு. கசப்பை நானே சேர்த்துக்கொண்டேனோ என்னவோ. என் வீட்டுக்காரரின் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அதற்காக ஒரு நாள் வந்திருக்கிறோம். அவர் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார். நான் பேக்கரி வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ போய் நாற்பது நாள் ஆகியிருந்தது.

நாம் இரண்டு பேரும் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம் இருக்கும். விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரே நாளில் ஆபரேட்டர் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். மூன்று நாள் பயிற்சி என்று இங்கே அனுப்பினார்கள். எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள். உனக்கு முப்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. தம்பிகளைப் படிக்கவைத்து ஆளாக்கிவிட்டு அப்போதுதான் நிமிர்ந்திருந்தாய்.

நம் பக்கம் மதுவிலக்கு இருந்த காலம் அது. பாண்டிக்கு டிரங்க் கால் கேட்கும் ஆண்கள் ஊர்ப் பேரைச் சொல்லும்போதே சிரிப்பார்கள். ஸ்விட்ச் போர்டில் உட்கார்ந்து அந்தச் சிரிப்பை வருஷக்கணக்கில் கேட்டவள் நீ. முதல் நாள் சாயங்காலம், கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் விடுதியில் கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாய்: "அப்படி என்னதான் இருக்குதுன்னு ஒரு தடவ குடிச்சிப் பாக்கணும்டி."

நான் விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாள் பயிற்சி முடிந்ததும் நீ என்னை நேராக ஒரு பார் வாசலுக்குக் கூட்டிப்போனாய். உள்ளே இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தார்கள். நீ பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டாய். ஒருவர் எழுந்து வெளியே வந்து, கை நீட்டி, மிகவும் மரியாதையாக வழி சொன்னார். அவர் பார்த்துக்கொண்டு நின்றதால் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடக்கவேண்டியதாயிற்று.

அந்தக் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவள், நம்மோடு பயிற்சியில் இருந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி. அவள்தான் கருவடிக்குப்பத்து மதாமைப் பற்றிச் சொன்னாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை இங்கே சொல்தா என்பார்கள். மதாம் ஒரு சொல்தாவின் விதவை. புருஷனோடு பிரான்சில் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரியிடம் பீர் போடக் கற்றுக்கொண்டு வந்தவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் புருஷனின் கூட்டாளிகளுக்கு இன்னும் தன் வீட்டிலேயே போட்டுக் கொடுக்கிறாள். பெண்கள் போனாலும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

கடைசி நாள் நாலரை மணிக்கு சைக்கிள் ரிக்‌ஷாவில் போனோம். மதாம் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கம்பி வைத்து மூடிய புட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். பார்லியை முளைகட்டி, காயவைத்து, வறுத்து, அதைக் கொதிக்கவைத்த தண்ணீரில் மகள் பார்சலில் அனுப்பும் கசப்புப் பூவைப் போடுவாளாம். ஈஸ்ட் மட்டும் பேக்கரியில் கேட்டு வாங்குவாளாம். ஊறுகாய் போடுவதைச் சொல்வதுபோல சொல்லிக்கொண்டே மூன்று கிளாஸில் ஊற்றினாள். மூன்றாவது அவளுக்கு.

"கசக்கும். மொத வாயிலயே வேணாம்னு சொல்லிடாதீங்க," என்றாள்.

நீ ஒரு வாய் குடித்தாய். முகம் சுருங்கிவிட்டது. "இதுக்கா அவ்ளோ சிரிப்பு?" என்று கேட்டு அப்படியே வைத்துவிட்டாய். மதாம் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கு என்னமோ அது பிடித்துவிட்டது. என் கிளாஸை முடித்தேன். உன்னுடையதையும் எடுத்துக் குடித்தேன். மதாம் இன்னும் கொஞ்சம் ஊற்றியபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ என்னைப் பார்த்துச் சிரித்ததை இப்போதும் அப்படியே நினைவு வைத்திருக்கிறேன்.

திரும்பும்போது வாசனை போகட்டும் என்று கடற்கரையில் உட்கார்ந்தோம். அங்கேதான் திண்டிவனத்துக்காரரைப் பற்றிச் சொன்னாய். மனைவியை இழந்தவர், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் இருக்கிறாள், உன்னைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போயிருக்கிறார். உனக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

"நான் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாருடி. குறுக்க பேசல," என்றாய்.

நாளெல்லாம் மற்றவர்கள் பேச்சைக் கேட்டுப் பிழைத்தவள் நீ. அது உனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது.

அது புரிந்த பிறகும்தான் அப்படிச் செய்தேன். ஊருக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர் நல்ல மனநிலையில் இருந்தார். பாண்டியில் என்ன பார்த்தாய் என்று கேட்டார். பார் வாசலில் வழி கேட்டதைச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. மதாம் வீட்டையும் சொன்னேன். சிரிப்பு நின்று, "நீயுமா குடிச்சே?" என்று கேட்டார். "அய்யோ, நான் தொடல. அவதான் குடிச்சா. நான் சும்மா உக்காந்திருந்தேன்," என்றேன். அவர் மறுபடியும் சிரித்தார்.

கெட்ட எண்ணத்தில் அவர் வெளியே சொல்லியிருக்கமாட்டார். ஆபீஸில் வேடிக்கையாகப் பேசியிருப்பார். அங்கே திண்டிவனத்துக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருந்தது எங்களுக்குத் தெரியாது. பத்து நாளில் அவர்கள் வீட்டிலிருந்து ஆள் வந்து, இடம் சரிப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார். காரணத்தையும் சொல்லிவிட்டுத்தான் போனாராம். உன் பெரிய தம்பி உன்னோடு பேசுவதை நிறுத்தினான்.

நீ என்னை எக்ஸ்சேஞ்சின் ஓய்வறைக்குக் கூப்பிட்டாய். யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டாய். வீட்டுக்காரரிடம் மட்டும் என்றேன். என்ன சொன்னாய் என்று கேட்டாய். அழுதுகொண்டே ஒன்று விடாமல் சொன்னேன். நான் தொடவில்லை என்று சொன்னதையும் சொன்னேன்.

நீ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாய். கத்துவாய் என்று காத்திருந்தேன்.

"சரி," என்றாய். "இனிமே யாரு கேட்டாலும் அதையே சொல்லு. ரெண்டு பேரும் கெட்டுப் போவ வேணாம். ஒனக்குப் புள்ளைங்க இருக்குது."

அதைத்தான் சொன்னேன். சூப்பர்வைசர் அம்மா கேட்டபோது சொன்னேன். உன் அம்மா என் வீட்டுக்கே வந்து, நெசமா என்று கேட்டபோதும் சொன்னேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீயாவது அவளைத் தடுத்திருக்கக்கூடாதா என்றார்.

நீ சேலத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாய். இரண்டு பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினாய், அப்புறம் அதுவும் நின்றது. போன மாதம் சேலத்து ஆபரேட்டர் ஒருத்தி லைனில் என்னோடு பேசிக்கொண்டிருந்தபோது, நடுவில், உங்க ஊர்க்காரங்கதானே என்று கேட்டு உன் சாவைச் சொன்னாள். மஞ்சள் காமாலை என்றாள். பக்கத்து லைனில் ஒரு சந்தாதாரர் காத்திருந்தார். அவருக்கு நம்பர் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இன்று முகூர்த்தம் முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கருவடிக்குப்பம் போய்வந்தேன். மதாம் மகளோடு பிரான்சுக்குப் போய்விட்டாளாம். அந்த வீட்டில் ஒரு மில் தொழிலாளியின் குடும்பம் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் தண்ணீர் கொடுத்தாள். யாரைத் தேடி வந்தீங்க என்று கேட்டாள். யாரையும் இல்லை என்றேன். அந்த வீட்டில் நடந்தது தெரிந்தவள் இந்த ஊரில் இனி நான் மட்டும்தான்.

மண்டபத்துக்குத் திரும்பி வந்து, பந்திக்குக் காத்திருந்த வீட்டுக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். "அன்னிக்கு பீர் குடிச்சது நான்தான். அவ ஒரு வாய்தான் குடிச்சா. அவளுதையும் நான்தான் குடிச்சேன்."

அவருக்கு எது, எப்போது என்று ஞாபகப்படுத்தவேண்டியிருந்தது. ஞாபகம் வந்ததும் என் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணுதான் போய்ட்டாளே. இப்ப எதுக்கு அது?" என்றார். திட்டவில்லை, முகம்கூட மாறவில்லை. பந்திக்குக் கூப்பிட்டதும் எழுந்து, வா என்றார்.

பதினோரு வருஷமாக நான் பயந்தது இவ்வளவுதான். இதற்குப் பயந்துதான் உன்னைத் தனியாக விட்டேன்.

நாளைக்கு ஊருக்குப் போனதும் உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். உன் தம்பியின் வீட்டில்தான் இருக்கிறாராம். கண் சரியாகத் தெரியவில்லை, காது கேட்கிறது என்றார்கள். அவர் என்னை உள்ளே விடுவாரோ, என்ன சொல்வாரோ. யார் கேட்டாலும் அதையே சொல்லு என்று நீ போட்ட உத்தரவை மீறித்தான் போகிறேன்.