கடிதத்தைக் கையில் கொடுக்கும்வரை

மார்ச் 5, 2025 – புதன்

விபூதிப் புதன். காலைப் பூசையில் நெற்றியில் பூசிய சாம்பலோடு நேரே ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனேன். வழக்கமாகத் தவக்காலத்தில் இறைச்சியை விடுவேன். இந்த வருஷம் விடப்போவது வேறு: "நாளைக்கு எழுதிக்கலாம்" என்ற பேச்சை.

மேசைக்குக் கீழே முப்பத்தொரு பைல். பேச்சு வராத பிள்ளைகள், பக்கவாதம் வந்து வாய் குழறும் ஆட்கள் எல்லாரையும் பார்த்துவிட்டேன், பேச்சுப் பயிற்சியும் கொடுக்கிறேன். ரிப்போர்ட் மட்டும் எழுதவில்லை. அலுமாரிக்கு அந்தப் பக்கம் பிசியோதெரபி பார்க்கும் சுதர்ஷினி, "யூஜினா, உன் பைலெல்லாம் குட்டி போடுதுடீ" என்கிறாள்.

முதலில் சின்னப்பிள்ளை பூரணியுடையது. நாளைக்கே. – பார், முதல் நாளே அந்தச் சொல்!

மார்ச் 7 – வெள்ளி

பயிற்சிப் பொம்மைகளையெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். வெயில் இல்லாததால் ஹீட்டர் பக்கத்தில் காயவைத்தேன். படக்கார்டுகளை நிறம் நிறமாகப் பிரித்தேன். நாள் முழுக்க வேலைதான். ரிப்போர்ட் எழுதவில்லை.

மார்ச் 12 – புதன்

சர்மிளா மகள் பூரணியோடு வந்திருந்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். கிளினிக்குக்கு வந்தால் அன்றைக்குத் தோட்டத்தில் பேர் விழாது, ஒரு நாள் வேலை போய்விடும். இருந்தும் ஒரு புதன் தவறியதில்லை.

பூரணிக்கு ஐந்து வயது நடக்கிறது. கை தட்டினால் திரும்ப மாட்டாள், கதவை அடித்துச் சாத்தினால் லேசாகத் திரும்புவாள். லயத்து வீடுகளில் அவளை "ஊமச்சி" என்கிறார்களாம். ஊமை இல்லை, காதுதான் கேட்கவில்லை. கண்டிக் காது டாக்டருக்கு நான் எழுதினால்தான் பரிசோதனைக்குத் திகதி கிடைக்கும், காதுக்கு மெஷின் கிடைக்கும். வருகிற ஜனவரியில் ஸ்கூல். அதற்குள் கேட்கப் பழகாவிட்டால் வகுப்பில் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

இவ்வளவும் தெரியும். ஜனவரியிலிருந்தே தெரியும்.

"மிஸ், கண்டியில இருந்து பதில் வந்திருச்சா?"

"இன்னும் வரலைங்க."

எழுதாத கடிதத்துக்கு எங்கிருந்து பதில் வரும்? வாய் கூசாமல் சொன்னேன். ச்சே.

மார்ச் 13 – வியாழன்

பௌர்ணமி, போயா லீவு. பைலை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் வரியை நாலு தரம் எழுதி நாலு தரம் அடித்தேன்.

ஏன் இப்படி? சோம்பேறி இல்லை நான். பயிற்சிக் காலத்தில் ஒரு பெரிய டாக்டர் என் ரிப்போர்ட்டின் இங்கிலீஷைச் சிவப்புப் பேனாவால் வட்டம் வட்டமாகச் சுற்றி, எல்லாருக்கும் முன்னால் தூக்கிக் காட்டினார். தோட்டத்து ஸ்கூலில் தமிழில் படித்து வந்தவள், காது சுட நின்றேன். அதிலிருந்து ஒவ்வொரு வரியும் சரியாக வரட்டும் என்று காத்திருக்கிறேன். என் வெட்கத்துக்குப் பூரணி ஏன் காத்திருக்க வேண்டும்?

மார்ச் 19 – புதன்

சர்மிளா வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததை நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

மார்ச் 26 – புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சர்மிளா போன புதன் கண்டிக்கே போயிருக்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ். பகல் வரை கியூவில் நின்றிருக்கிறாள். அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"அவங்கதான் தொலைச்சிருக்காங்க மிஸ். பாவம், நீங்க மறுபடியும் உக்காந்து எழுதணுமே" என்றாள்.

பாவமாம். நான்!

அவள் மருந்து கியூ வரை போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பாதரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. அதுவும் ஒரு "நாளைக்கு" தானே! ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

"சர்மிளா, யாரும் தொலைக்கல. நான் எழுதவே இல்ல. உங்ககிட்ட பொய் சொன்னேன்."

பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "எங்க மிஸ் பொய் சொல்ல மாட்டாங்கன்னு கண்டியில கடிதம் பாக்கிற நோனாம்மாகிட்ட சண்டை போட்டுட்டு வந்தேனே" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அறைக்குத் திரும்பி வந்து, பிள்ளையை மடியில் வைத்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். "எழுதுங்க. கையில குடுக்கிற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

எழுதினேன். ஒரு இடத்தில் நிறுத்தி அடிக்கப் போனபோது, "என்ன மிஸ்?" என்றாள். இந்த வரி நல்லா இல்ல என்றேன்.

"கொழுந்து நிறுக்கிற நேரம் வந்தா, கூடையில இருக்கிறத கொண்டுபோய்த் தராசுல வைக்கிறோம். இன்னும் நல்ல கொழுந்தா பறிச்சிட்டு வர்றேன்னு சொன்னா கங்காணி நிப்பாரா?"

அடிக்கவில்லை. மூன்று மாதம் இழுத்த ரிப்போர்ட் ஐம்பது நிமிஷத்தில் முடிந்தது. உறையில் போட்டுக் கொடுத்தேன். தானே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத்தபாலில் போடுவதாகச் சொன்னாள். என்னை நம்பி விடவில்லை. நியாயம்தான்.

மார்ச் 27 – வியாழன்

இனி இதுதான் ஏற்பாடு: ரிப்போர்ட் கையில் கொடுக்காமல் ஒருவரையும் அனுப்புவதில்லை. வந்தவர் எதிரே இருக்கும்போதே எழுதுவது. பழைய பைலில் நாளுக்கு மூன்று, தோட்டத்தில் காலை, பகல், மாலை என்று கொழுந்து நிறுக்கும் அதே மூன்று நேரங்களில். நேரம் வந்தால் இருக்கிறபடி கையெழுத்து.

இன்றைக்கு மூன்று முடிந்தது.

ஏப்ரல் 2 – புதன்

பழையதில் இன்னும் பதினைந்து. சர்மிளா வந்தாள். பயிற்சி பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். போகும்போது, இன்றைக்குப் பயிற்சியில் நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

ஏப்ரல் 8 – செவ்வாய்

மறுபடியும் பொம்மை கழுவினேன். எழுதவில்லை. சுதர்ஷினி வாளியைப் பிடுங்கிக்கொண்டு, "போய் உக்காருடீ, மணி ரெண்டாச்சு" என்று துரத்தினாள். இரண்டு பைல் முடித்தேன். ஒன்று பாக்கி. பரவாயில்லை, விட்டுவிடவில்லை.

ஏப்ரல் 17 – பெரிய வியாழன்

கண்டிக் காது டாக்டரிடமிருந்து பதில். நின்றபடியே பிரித்தேன். சிவப்பு வட்டம் ஒன்றுமில்லை. இரண்டே வரி: விபரம் போதும், மே 6 பிள்ளையைக் கூட்டி வரச் சொல்லவும். அதில் அவரே ஒரு எழுத்துப் பிழை விட்டிருந்தார். இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன்? வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

மேசைக்குக் கீழே இப்போது என் செருப்பு மட்டும்.

ஜூன் 25 – புதன்

பூரணிக்கு இரண்டு காதுக்கும் மெஷின். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பிடுங்கி எறிகிறாள். மாட்டுகிறோம், எறிகிறாள், மாட்டுகிறோம்.

ஜூலை 16 – புதன்

ஜனவரியில் வகுப்பில் பூரணியை முன் வரிசையில் உட்காரவைக்கச் சொல்லி ஸ்கூல் அதிபருக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றாள் சர்மிளா. எதிரே இருக்கும் கதிரையைக் காட்டி, "உக்காருங்க, இப்பவே எழுதிடுறேன்" என்றேன்.

அவள் உட்காரவில்லை. பையைத் தோளில் மாட்டினாள். "இப்ப போனா பகல் கொழுந்து நிறைக்கு மலையில நின்னுருவேன் மிஸ், அரைப் பேராவது விழும். நீங்க எழுதி வைங்க, அடுத்த புதன் வாங்கிக்கிறேன்."

வாசலுக்குப் போய், திரும்பாமலே, "பூரணி!" என்று கூப்பிட்டாள். தரையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளை தலையைத் தூக்கி, எழுந்து ஓடினாள்.

கதிரை காலியாக இருந்தது. பேனாவை எடுத்தேன். பதினொன்று இருபதுக்குக் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டிவிட்டேன்.